இருதயச் சோதனையும் சொல்லாத சொல்லும்

சங்கத்துக் கணக்கில் ஒரு பற்று எழுதப்படும்பொழுது, அது எதற்காக எழுதப்பட்டது என்னும் விவரமும் கூடவே எழுதப்பட வேண்டும். விவரமில்லாத பற்றைத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்ளமாட்டார். இவ்விதியை நம் அங்கத்தினர் அனைவரும் அறிவர். ஆனால் அதே அங்கத்தினர் நோயுற்று ஆஸ்பத்திரிக்குச் செல்லும்பொழுது, அவர் உடலைப் பற்றி எழுதப்படும் கணக்கில் இவ்விதி செல்லுபடியாவதில்லை. தாள்கள் கைக்கு வருகின்றன, விவரம் வருவதில்லை. அதனால் விளையும் துன்பத்தை அண்மையில் நாம் நேரிலேயே கண்டோம். அதனை இங்கு எடுத்துரைப்பது அங்கத்தினர்க்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

சென்ற பங்குனி மாதத்தில், அருப்புக்கோட்டைக்கு அண்மையிலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் தம் கணக்கிலுள்ள தொகையிலிருந்து முன்பணம் வேண்டி ஓர் அங்கத்தினர் விண்ணப்பித்திருந்தார். வயது 58. நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் சேலை நெய்பவர். 'வைத்தியச் செலவு' என்று காரணம் காட்டி, ஆதாரமாக ஒரு பை நிறையத் தாள்களையும் கொண்டுவந்திருந்தார்.

"வியாதி ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது ஐயா. அலைந்த செலவுக்குப் பட்ட கடனை அடைக்கத்தான் கேட்கிறேன்" என்றார்.

அத்தாள்களைப் புரட்டிய நாம் மூன்றாவது தாளிலேயே திடுக்கிட்டு நின்றோம்.

மூன்று பயணங்கள்

நடந்தது இது. தை மாதத்தில் ஒரு நாள் சங்கத்திலிருந்து நூல்கட்டைத் தோளில் சுமந்து வீடு திரும்புகையில், நடுநெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றி வைத்தாற்போல் அவருக்கு ஓர் இறுக்கம் உண்டாயிற்று. சற்று நின்றார், நீங்கிவிட்டது. வாய்வுப் பிடிப்பு என்று எண்ணி இஞ்சிச்சாறு குடித்தார். நான்கு நாட்களில் மறுபடியும் வரவே, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றார். அங்கே ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர், "இதில் கோளாறு தெரியவில்லை, ஆயினும் பெரிய ஆஸ்பத்திரியில் டிரெட்மில் சோதனையும் எக்கோவும் செய்துகொள்ளுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இதுவரையில் எல்லாம் முறையாகவே நடந்தது.

நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நாள் குறித்துக்கொண்டார். அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. "வெறும் வயிற்றில் வாருங்கள்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். அதிகாலை 3 மணிக்கு எழுந்து, வழக்கமான இரத்தக் கொதிப்பு மாத்திரையை மட்டும் விழுங்கி, முதல் பஸ்ஸில் புறப்பட்டார். இரத்தம் எடுத்தார்கள். பிறகு பகல் 11 மணி வரையில் பட்டினியாகக் காத்திருந்தார். அழைத்த ஊழியர், "இன்று கொதிப்பு மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்றார். "நாள் தவறுவதே இல்லை" என்று இவர் பெருமையாகச் சொன்னார். "அப்படியானால் இன்று எடுக்க இயலாது. மாத்திரை சாப்பிடாமல் வேறொரு நாள் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆகவே கொதிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் ஐந்து நாட்கள் நிறுத்திவிட்டு இரண்டாம் முறை சென்றார். இரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது. "எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொன்னவர் யார்?" என்று கடிந்துகொண்டார்கள். "நீங்கள்தானே ஐயா" என்றார் இவர். அன்றும் சோதனை நடைபெறவில்லை.

மூன்றாம் முறை நடைபெற்றது. "நாள் முழுதும் தறி மிதிக்கிற கால் இது, மெஷினில் நடப்பதா பெரிது என்று ஏறினேன். ஆறாவது நிமிஷத்தில் நெஞ்சு கனத்தது. பார்த்துக்கொண்டிருந்தவர், 'சரி, போதும், இறங்குங்கள்' என்றார்" என்று அவர் நம்மிடம் சொன்னார். அந்தச் 'சரி' என்ற சொல்லை, சோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் பொருள் கொண்டுவிட்டார்! மாலையில் தாள்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் 'பாசிட்டிவ்' என்றிருந்தது. சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் மகனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். "பாசிட்டிவ் என்றால் நல்லதுதானே அப்பா" என்று மகன் மகிழ்ந்தான். மற்றொரு தாளில், இருதயம் இயங்கும் திறன் 60 சதவீதம் என்றிருந்தது. அதைக் கேட்ட அவர் மனைவியோ, நூற்றில் நாற்பது போய்விட்டதே என்று இரவெல்லாம் அழுதார்.

உண்மை இதற்கு நேர்மாறானது. அழ வேண்டாததற்கு அழுதார்கள்; அஞ்ச வேண்டியதற்கு மகிழ்ந்தார்கள். இருதய நிபுணரைக் காண வேண்டும் என்று எவரும் சொல்லாமையால், அத்தாள்கள் டிரங்குப் பெட்டியில் சங்கத்துப் பங்குப் பத்திரத்தோடு ஆறு வாரங்கள் உறங்கின. இவரும் நூல்கட்டைச் சுமந்துகொண்டேயிருந்தார்.

தாள்கள் சொன்னது என்ன?

நாம் வைத்தியர் அல்லோம். எனினும் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தமையால், மறுநாளே சங்கச் செயலாளரைத் துணையாக அனுப்பி, வேறோர் ஊரிலுள்ள இருதய நிபுணரிடம் காட்டச் செய்தோம். அவர் சொன்னவற்றையும், பின்னர் நாம் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே தொகுத்துரைக்கிறோம்.

'பாசிட்டிவ்' என்பது வைத்தியத்தில் நற்செய்தியைக் குறிக்கும் சொல் அன்று. எதைத் தேடினார்களோ அது அகப்பட்டது என்பதே அதன் பொருள். தணிக்கையில் 'குறை காணப்பட்டது' என்று எழுதுவதை ஒக்கும். 'நெகட்டிவ்' என்றால் தேடியது அகப்படவில்லை என்க. டிரெட்மில்லில் பாசிட்டிவ் என்று வந்த எல்லாருக்கும் குழாயில் அடைப்பு இருந்தே தீரும் என்பதில்லை. பெண்களுக்குச் சில வேளைகளில் அடைப்பில்லாமலே அவ்வாறு காட்டுவதுண்டு. ஆனால் அடுத்த படி என்ன என்று டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும் என்பதில் ஐயமில்லை.

60 சதவீதம் என்பது பரீட்சை மதிப்பெண் அன்று. இருதயத்தின் இடது கீழறை ஒருமுறை சுருங்கும்பொழுது, தன்னுள் நிறைந்த இரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்னும் கணக்கு அது. எந்த இருதயமும் முழுவதையும் தள்ளுவதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 வரை இருப்பது இயல்பு. ஆகவே அந்த அம்மாள் கண்ணீர் விட்ட எண், உண்மையில் நல்ல எண்ணேயாகும்.

ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தும் டிரெட்மில்லில் குறை கண்டது எவ்வாறு? இருதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டுவது ஈ.சி.ஜி. இதனை உருவாக்கிய நெதர்லாந்து அறிஞர் ஐந்தோவனுக்கு 1924-ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. ஆனால் அது படுத்திருக்கும் மனிதனின் இருதயத்தைச் சுமார் பத்து விநாடிகள் மட்டுமே பார்க்கிறது. ஓடாமல் நிற்கும் தறியைப் பார்த்து, ஓடும்பொழுது இழை அறுமா என்று சொல்ல இயலுமா? டிரெட்மில் என்பது தறியை ஓட்டிப் பார்ப்பது. அமெரிக்க டாக்டர் ராபர்ட் புரூஸ் 1963-இல் வகுத்த முறைப்படி, மூன்று நிமிஷங்களுக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூட்டப்படுகின்றன. இருதயத் துடிப்பை அடக்கிவைக்கும் சிலவகைக் கொதிப்பு மாத்திரைகளை உண்டிருந்தால் துடிப்பு வேண்டிய அளவு ஏறாது. சோதனையின் முடிவும் தெளிவாகாது. முதல் நாள் திருப்பி அனுப்பியதன் காரணம் இதுவே. ஆனால் அம்மாத்திரைகளைத் தாமாகவே திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. எதை, என்றைக்கு நிறுத்துவது என்பதை மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரே சொல்ல வேண்டும்.

எக்கோ என்பது ஒலியலைகளைக் கொண்டு இருதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் காண்பது. 1953-இல் சுவீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர் தொடங்கிவைத்தது. ஆஞ்சியோகிராம் என்பது மணிக்கட்டு அல்லது தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, சாயம் பாய்ச்சி, இருதயக் குழாய்களை எக்ஸ்ரேயில் காண்பது. சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, சர்க்கரைக்கான மாத்திரை ஆகியவற்றைப் பற்றி அதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

டிரோபோனின் என்ற இரத்தச் சோதனையும் ஒன்று உண்டு. இருதயத் தசை சேதமுற்றால் இப்பொருள் இரத்தத்தில் ஏறும். ஏறுவதற்குச் சில மணி நேரம் செல்லும். ஆகவேதான் ஒரே நாளில் இருமுறை இரத்தம் எடுக்கிறார்கள். "காசுக்காகத் திரும்பவும் இரத்தம் எடுக்கிறார்கள்" என்று சண்டையிட்டு வெளியேறியவர்களையும் நாம் அறிவோம். முதல் முறையே காரணத்தைச் சொல்லியிருந்தால் சண்டைக்கு இடமேது?

குற்றம் யாருடையது?

இதில் கொடியவர் எவருமில்லை. தொலைபேசியில் பேசியவருக்கு இரத்தச் சோதனை மட்டுமே தெரியும். மெஷினருகில் நின்ற ஊழியருக்கு முடிவைச் சொல்லும் உரிமையில்லை. அறிக்கையில் கையொப்பமிட்ட டாக்டர், அனுப்பிய டாக்டர் சொல்லிக்கொள்வார் என்று எண்ணியிருப்பார். அனுப்பிய டாக்டரோ நோயாளி திரும்பி வருவார் என்று காத்திருப்பார். நோயாளி, வரச் சொல்லவில்லையே என்று வீட்டிலிருந்தார். ஒவ்வொருவரும் தம் வேலையைச் செய்தனர். இழையை முடிச்சிடுவது மட்டும் எவருடைய வேலையாகவும் இல்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் வைத்தியத்துக்கு நான்கு உறுப்புக்களைக் கூறுகிறது: நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். நோயாளியை முதலாவதாக வைத்து எண்ணியிருப்பதை நாம் நினைவுகூர வேண்டும். அந்த முதல் உறுப்புக்கு விஷயம் விளங்காதபோது மற்ற மூன்றும் எவ்வளவு சிறந்திருந்தும் பயனென்ன?

கையொப்பமிடுமுன்

சோதனைக்குச் சம்மதிப்பது வேறு. சிகிச்சைக்குச் சம்மதிப்பது வேறு. இதனை நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி, சமீரா கோலி வழக்கில் ஐயத்துக்கிடமின்றித் தீர்ப்பளித்தது. டில்லியில் ஒரு பெண்மணி வயிற்றினுள் பார்க்கும் சோதனைக்கு ஒப்புதல் அளித்து மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். அவர் மயங்கிக் கிடக்கையில், தாயாரிடம் சம்மதம் பெற்று உறுப்புக்களை அகற்றும் அறுவையே செய்யப்பட்டுவிட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது என்றும், நோயின் தன்மை, சிகிச்சையின் பயன், அபாயம், வேறு வழிகள் ஆகியவற்றை நோயாளிக்கு விளங்கச் சொன்ன பின்னரே பெறும் சம்மதம் செல்லும் என்றும் நீதிமன்றம் கூறியது.

இருதய விஷயத்தில் இது மிகவும் பொருந்தும். ஆஞ்சியோகிராம் பார்ப்பது; ஸ்டெண்ட் வைப்பது செய்வது. பார்க்கும்பொழுதே வைக்கும்படி நேரிடலாமா, அதன் செலவு என்ன, மாத்திரைகளால் சமாளிக்க இயலுமா என்பவற்றை முன்னதாகவே கேட்டுக்கொள்ளலாம். 37 நாடுகளில் 5,179 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, நெஞ்சுவலி நிலையாக, மோசமடையாமல் உள்ளவர்களிடத்தில், மாத்திரைகளோடு தொடங்கும் முறைக்கும் உடனே ஆஞ்சியோகிராமும் ஸ்டெண்டும் செய்யும் முறைக்கும் உயிரிழப்பில் வேற்றுமை காணவில்லை; வலி குறைவதில் பின்னது மேலாயிருந்தது. ஆகவே அத்தகையோர்க்கு யோசித்துக் கேட்க நேரமுண்டு.

ஆனால் மாரடைப்பே வந்துவிட்டால் கேள்விக்கு நேரமில்லை. வலி நீடித்து, வியர்த்து, மூச்சு முட்டினால் இஞ்சிச்சாற்றையும் பஸ்ஸையும் நம்பாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் நம் மாநிலத்தில் தொடங்கப்பெற்றது.

தாள்களைப் பெறுவதும் உரிமையே. மருத்துவர் நடத்தை பற்றிய 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளி தம் வைத்தியப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஸ்டெண்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசப்பட்டதற்கு அப்போது 29,600 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதன் விலையைப் பட்டியலில் தனியாகக் காட்டும்படி கேட்கலாம். மகனோ மகளோ இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்தால், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் வருமான வரம்புக்குட்பட்டு அங்கே வைத்தியம் உண்டு. நாம் கூறும் நெசவாளரின் மகனுக்கு அந்த அட்டை இருந்தது. தந்தைக்கும் அது உதவலாம் என்பதை அவனுக்கும் எவரும் சொல்லவில்லை.

அங்கத்தினர் செய்ய வேண்டுவன

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் இம்மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்க: இது எதைக் கண்டுபிடிக்க? உண்ணலாமா, எந்த மாத்திரையை உண்ணலாம், எதை விடலாம்? முடிவை எனக்கு விளக்குபவர் யார், எந்த நாளில்?

சோதனைக்குப் பின்னால் இவ்விரண்டை: முடிவைத் தமிழில் ஒரு வரியில் எழுதித் தருவீர்களா? இனி நான் செய்ய வேண்டியது என்ன?

டாக்டர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லிப் பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. "நான் புரிந்துகொண்டது இது, சரிதானா?" என்று கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபிக்கமாட்டார். ஸ்டெண்ட் வைத்துக்கொண்டவர்கள், உடம்பு சுகமாகிவிட்டதென்று மாத்திரைகளைத் தாமே நிறுத்தலாகாது. நிறுத்தினால் ஸ்டெண்டினுள் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சங்கங்களும் சும்மா இருக்கலாகாது. படித்த இளைஞர் இருவரைத் 'துணை செல்வோர்' என்று குறித்து வைக்கலாம். பெரிய சோதனைக்குச் செல்லும் முதியவரோடு அவருள் ஒருவர் போய்வரட்டும். மேற்கண்ட கேள்விகளை அச்சிட்ட சிறு குறிப்பேட்டை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் கொடுக்கலாம். சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குச் செல்கிறது. நம் கைத்துணி நுழையும் இடத்தில் நம் கேள்வியும் நுழையலாம்.

ஒரு கேள்வி நம்மை நோக்கி

அந்த நெசவாளருக்கு இருதயத்தின் முக்கியக் குழாய் ஒன்று மிகவும் சுருங்கியிருந்தது. இம்முறை டாக்டர் ஒரு தாளின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கினார். சம்மதப் படிவத்தை நீட்டிய ஊழியரிடம், "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசித்துச் சொல்லுங்கள் தம்பி" என்று இவர் கேட்டாராம். ஸ்டெண்ட் வைக்கப்பட்டது. இன்று மறுபடியும் தறிக்குழியில் அமர்ந்திருக்கிறார். நூல்கட்டை மட்டும் மகன் சுமக்கவிடுவதில்லை.

நாம் நலம் விசாரிக்கச் சென்றபொழுது, "இனிமேல் விளங்காத தாளை விளங்காமலே வாங்கிக்கொள்ளாதீர்கள், அண்ணாச்சி" என்றோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "நல்லது ஐயா. ஆனால் நீங்கள் வருஷந்தோறும் சங்கத்துக்கு அனுப்புகிற தணிக்கை அறிக்கை மட்டும் எங்களுக்கு விளங்குகிறதா?" என்றார்.

நம்மால் விடை சொல்ல இயலவில்லை. ஆறு ஆண்டுகளாக அச்சங்கத்தின் அறிக்கையை வாசித்து, "அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதிப் பதிவேட்டை மூடியிருக்கிறோம். பொதுப்பேரவையில் எவரும் கேள்வி கேட்டதில்லை. கேள்வி எழாமையை உடன்பாடு என்று நாமும் பொருள் கொண்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் நடந்த அதே பிழை நம் மேசையிலும் நடந்திருக்கிறது.

ஆகவே இவ்வாண்டுப் பேரவையில், குறைபாடுகளை ஒவ்வொன்றாக எளிய தமிழில் படித்து விளக்கினோம். இரண்டு மணி நேரம் பிடித்தது. முதல் கேள்வியை அவரே எழுந்து கேட்டார்: "நட்டம் என்று போட்டிருக்கிறதே, ஐயா, அது பாசிட்டிவா நெகட்டிவா?"

அவையினர் சிரித்தனர். நாமும் சிரித்தோம், பிறகு அந்த நட்டம் எப்படி வந்தது என்பதை அவருக்கு விளங்கும்வரை சொன்னோம்.